எண்ணெய் கொதித்தால் தொழிலாளியா குற்றவாளி?

யந்திரம் நின்றது, ஓட்டியவருக்குக் கடிதம் வந்தது! இந்தப் பழைய பாட்டை இன்னும் எத்தனை காலம் கேட்பது, தோழர்களே?

பெயர் சொல்லாமல் விடுகிறோம், அது ஒரு ரப்பர் தொழிற்சாலை. கட்டிப்பாலைத் துருவி, உலர்த்தி, 33.33 கிலோ பேலாக அழுத்துகிறார்கள். அழுத்துவது ஹைட்ராலிக் எண்ணெய். வேலை செய்யச் செய்ய எண்ணெய் சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்கப் பக்கத்தில் ஒரு கூலர்: கார் ரேடியேட்டரைப் போலத் தகடு தகடாக, அதற்கொரு காற்றாடி. ஒருநாள் மதியம் பம்ப் அலறிற்று, சீல் கிழிந்தது, எண்ணெய் தரையெல்லாம் ஓடிற்று. "உன் அலட்சியம்" என்றார்கள். நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்றும் மிரட்டினார்கள்.

நாம் சென்று பார்த்தோம். கூலரை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? உலர்த்தும் அடுப்பின் வாய்க்கு எதிரே! சுற்றியுள்ள காற்றைவிட எண்ணெயைக் குளிரவைக்க எந்தக் காற்றுக் கூலராலும் முடியாது. அடுப்பின் அனலையே உறிஞ்சி எண்ணெய்மேல் ஊதினால் எது தணியும்? தகடுகளுக்கிடையில் ரப்பர் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போர்த்தியது போல அடைத்துக் கிடந்தது. தொட்டியிலிருந்த வெப்பமானி உடைந்து போயிருந்தது. இதைவிட வேடிக்கை, மின்சார வேலை செய்தவர் மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டை மாற்றிப் பூட்டியிருக்கிறார். காற்றாடி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது! இதுவும் ஓட்டியவரின் அலட்சியமா?

எண்ணெய் 60 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது நல்லது. 82ஐத் தாண்டினால் சீல்கள் கெடும். மேலும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். எண்ணெய் நீர்த்துப் போனால் பம்புக்குள் இரும்போடு இரும்பு உராயும். இது பொறியாளர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல.

"சுத்தம் செய்ய நேரமில்லை" என்கிறார் நிர்வாகி. பேல் கணக்குக் குறைந்துவிடுமாம்! யந்திரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, சூடு ஆறவிட்டு, காற்று வெளிவரும் பக்கத்திலிருந்து அழுத்தக் காற்றால் ஊதினால் தூசி வந்த வழியே போகும். பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் மெல்லக் கழுவலாம். மோட்டார் நனையக் கூடாது. அவசரப்பட்டு வேகக் குழாயைச் சாய்வாகப் பிடித்தால் தகடுகள் மடங்கும். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றச் சொன்ன ஒரு மேற்பார்வையாளரையும் நாம் அறிவோம். சோடா அலுமினியத்தை அரித்துவிடும் என்பது அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தத்தையும் சம்பளத்தில் கை வைத்து எடுக்க முதலாளிக்கு அதிகாரமில்லை. உரிய விசாரணையின்றித் தண்டிக்கவும் முடியாது. 1994ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டமோ, யந்திரத்தைப் பத்திரமான நிலையில் வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது.

பால்மரம் வெட்டும் சகோதர சகோதரிகளே, இது தொழிற்சாலைக்காரர் தொல்லை என்று இருந்துவிடாதீர்கள். பேல் யந்திரம் நின்றால் கட்டிப்பால் களத்தில் குவியும், தராசுக்குப் போகுமுன் நீர் வடியும், எடை குறையும். குறைவது யாருடைய எடை?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. கூலர் அடைப்பு என்று ஓட்டுநர் வந்து சொன்னால் தேதி, மணியோடு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தச் சகோதரர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்; எங்கும் எழுத்தில் இல்லை. விசாரணையில் அதுவே அவர் கழுத்தைப் பிடிக்கிறது.

கூலரை அடுப்பருகிலிருந்து அகற்றுக! புது வெப்பமானி பொருத்துக! வாரந்தோறும் சுத்தம் செய்யச் சம்பளத்தோடு நேரம் கொடுக்க! முதலில் அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கட்டும். பம்பின் விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.