அனுமதி பெற்ற மருந்தும் அரவு தீண்டிய உழவனும்

வன்னிப் பெருநிலத்திலே வயற்றொழிலும் பாம்புக்கடியும் பிரியாதவை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் கழனிகளிலும் முத்தையன்கட்டு வயல்களிலும் உழைப்போர் கண்ணாடி விரியனுக்கு அஞ்சியே கால் வைக்கின்றனர். தீண்டப்பட்டவனுக்கு மருத்துவமனை தருவது, இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து ஆக்கப்படும் விஷமுறிப்பு மருந்து. அஃது அனுமதி பெற்ற மருந்தே. ஆனால் அனுமதியோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதே என் கருத்து.

உயிர்காக்கும் அம்மருந்தே பலருக்கு மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்குகிறது. அதனைத் தடுக்கவென அட்ரினலின், புரோமெதசின், ஐதரோகோட்டிசோன் ஆகியவற்றை மருத்துவர்கள் வழங்கிவந்தனர். மூன்றும் அனுமதி பெற்றவை, வழக்கத்தில் ஊறியவை. அவற்றுள் மெய்யாகக் காப்பது எது?

களனிப் பல்கலைக்கழகத்து எச். அசித த சில்வாவும் அவர்தம் குழுவினரும் இலங்கை மருத்துவமனைகளில் 1007 நோயாளரிடத்தே இதனைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். எவருக்கு எம்மருந்து என்பதை மருத்துவரும் அறியார், நோயாளரும் அறியார். 752 பேருக்கு ஒவ்வாமை விளைவுகள் தோன்றின. சிறிதளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் விளைவுகளை 43 வீதம் குறைத்தது. ஏனைய இரண்டும் பயன் தரவில்லை. ஐதரோகோட்டிசோனைச் சேர்த்தபோதோ அட்ரினலினின் நன்மையும் மறைந்தது!

ஏழை உழவனின் உடலிலா சோதனை என்று சிலர் சினக்கலாம். சினம் நியாயமானதே. ஆயினும் ஆராயாது வழங்கும் வழக்கமும் ஒரு சோதனையன்றோ? கணக்கெழுதாத சோதனை, எவரும் எதனையும் கற்றுக்கொள்ளாத சோதனை. வேண்டுவது சோதனையை விலக்குவதன்று. அச்சத்தில் நடுங்குபவனுக்கும் அவன் உறவினர்க்கும் அவர்தம் தாய்மொழியிலே விளக்கி, மனமுவந்த இசைவைப் பெறுவதே.

இன்னுமொன்று. அம்மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு ஆக்கப்படுவது. இலங்கையிற் பலரைக் கடிக்கும் மூக்கு மேடிட்ட குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபை முத்திரையிடலாம். மருந்தின் முழு இயல்பை உரைப்பது நோயாளியின் படுக்கையே. ஆகவே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு கடியும் ஒவ்வொரு விளைவும் ஏட்டில் ஏறுதல் வேண்டும். எழுதப்படாத துன்பம் அடுத்தவனைக் காப்பதில்லை.