ஸ்டெப் போடாத விடைக்கு எதுக்குங்க மார்க்?

பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சைல விடையை மட்டும் எழுதிட்டு வந்தா வாத்தியார் சும்மா விடுவாரா? "ஸ்டெப் எங்கடா?"ன்னு காதைத் திருகுவார். ஆனா அதே கணக்கை ஒரு பெரிய ஆய்விதழ்ல, கலர் கலரா படம் போட்டு, பெரிய பெரிய பேரோட வெளியிட்டா ஸ்டெப் தேவையில்லையாம். "தக்க காரணத்தோடு கேட்டால் தரப்படும்"னு ஒரு வரி போட்டா போதுமாம். இந்த அநியாயத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாவே இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

ஜூபிட்டர் நோட்புக் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. விளக்கம், நிரல், அந்த நிரல் வரைஞ்ச படம், மூணும் ஒரே கோப்புல இருக்கும். ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001-ல ஆரம்பிச்ச ஐபைத்தான்ல இருந்து 2014-ல பிரிஞ்சு வந்தது. ஒரு எண்ணை மாத்தி ஓட்டினா படம் உங்க கண் முன்னாடியே மாறும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: கட்டுரையில இருக்கிற ஒவ்வொரு படத்தோடவும், அதை வரைஞ்ச நோட்புக்கையும் தரவையும் சேர்த்து வைங்க.

இதுல தமிழனுக்கு என்ன வந்துச்சுன்னு கேக்குறீங்களா? நிறைய இருக்கு சாமி.

2009 மே மாசம் 'சயன்ஸ்' இதழ்ல ஒரே பக்கக் கட்டுரை ஒண்ணு வந்துச்சு. ராஜேஷ் ராவ், மயங்க் வாஹியா, சென்னை கணித அறிவியல் நிறுவனத்துல இருந்த ரணஜாய் அதிகாரி, நம்ம ஐராவதம் மகாதேவன் எல்லாம் சேர்ந்து எழுதினது. மகாதேவன் 1977-ல வெளியிட்ட சிந்துவெளிக் குறித் தொகுப்புதான் அதுக்கு அடிப்படை. ஒரு குறி வந்தா அடுத்து என்ன வரும்னு எவ்வளவு தூரம் ஊகிக்க முடியும்னு அளந்தாங்க. தமிழ்ல 'ங்' வந்தா அடுத்து பெரும்பாலும் 'க' வரிசைதானே? அந்த மாதிரி. முழுக்க ஒழுங்கா இருந்தாலும் மொழி இல்லை, முழுக்கத் தாறுமாறா இருந்தாலும் மொழி இல்லை. மொழின்னா நடுவுல நிக்கும். படத்துல சிந்துக் குறிகளோட கோடு பழந்தமிழ், சுமேரியம், சமஸ்கிருதம், ஆங்கிலம் பக்கத்துல போச்சு. நம்மாளுங்க பட்டாசு வெடிச்சாங்க.

ஆனா அந்தப் படத்தோட மேல் எல்லையும் கீழ் எல்லையும் நிஜ உலகத்துக் குறிகள் கிடையாது. கணினியில செயற்கையா உருவாக்கினது. 2004-லயே "சிந்துக் குறிகள் எழுத்தே இல்லை"ன்னு எழுதின ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் மூணு பேரும் உடனே இதைப் புடிச்சுக்கிட்டாங்க. இன்னொரு கேள்வியும் வந்துச்சு. ஒண்ணையொண்ணு சாராத குறிகளை, சிலது அடிக்கடியும் சிலது அபூர்வமாவும் வர்ற மாதிரி வச்சுக் குலுக்கி எடுத்தாலும் நடுவுலதானே கோடு வரும்? ஆமாம், வரும். அப்ப நடுவுல நிக்கிறது மட்டும் மொழிக்குச் சாட்சி ஆகாது. ராவ் தரப்பு, "இது பல சான்றுகள்ல ஒண்ணு, இதுவே நிரூபணம்னு நாங்க சொல்லலை"ன்னு பதில் கொடுத்தாங்க. 2014-ல ஸ்ப்ரோட், மொழியல்லாத நிஜக் குறிகளைத் தேடிச் சேர்த்து 'லாங்வேஜ்' இதழ்ல எழுதினார். 2015-ல ராவ் அதுக்கு மறுப்பு எழுதினார்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பக்கக் கட்டுரை, ஆறு வருஷ சண்டை! யார் சரிங்கிறது இந்தப் பதிவோட வேலை இல்லை. அந்தப் படத்தோட ஒரு நோட்புக் இருந்திருந்தா? செயற்கைக் கோட்டை எடுத்துட்டு வேற கோட்டைப் போட்டுப் பாக்க ஒரு சாயங்காலம் போதும். சண்டை ஓஞ்சிருக்காது, ஆனா சரியான இடத்துல நடந்திருக்கும். 2009-ல ஜூபிட்டரே கிடையாது, அதனால அவங்களைக் குத்தம் சொல்லலை. இன்னைக்கு எழுதுறவங்களுக்கு அந்தச் சாக்கு இல்லைங்கிறேன்.

சண்டை எப்படி நடக்கணும்னு லைகோ காட்டுச்சு. 2016 பிப்ரவரியில ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பை அறிவிச்சப்பவே தரவையும் நோட்புக்கையும் பொதுவுல வச்சாங்க. 2017-ல கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் அதே பொதுத் தரவை எடுத்து, "இரைச்சல்ல ஏதோ இடிக்குதே"ன்னு கேட்டாங்க. லைகோ குழுவுல இருந்த இயன் ஹாரி கொஞ்ச நாள்ல பதில் சொன்னார், கூடவே ஒரு நோட்புக்கோட! "ஓட்டிப் பார்த்துக்கோ"ன்னு சொல்ற தைரியம் அதுதாங்க.

"கேட்டா தருவோம்"ங்கிறீங்களே, தர்றீங்களா? 2011-ல 'சயன்ஸ்' இதழ், தரவும் நிரலும் கேக்குறவங்களுக்குக் கிடைக்கணும்னு விதி போட்டுச்சு. விக்டோரியா ஸ்டாடன் குழு, விதி வந்த பிறகு வெளியான 204 கட்டுரைகளை எடுத்து, கேட்டே பாத்தாங்க. 2018-ல முடிவு வந்துச்சு. தரவும் நிரலும் கைக்கு வந்தது 44 சதவீதத்துக்கு. திரும்பக் கணக்கிட முடியும்னு அவங்க மதிப்பிட்டது 26 சதவீதம். விதி இருக்கிற இடத்துலயே இந்த லட்சணம்.

இப்ப வழக்கமான சால்ஜாப்புகள்:

"எங்க நிரல் அசிங்கமா இருக்கும்." இருக்கட்டுமே. அந்த அசிங்கத்தை வச்சுத்தானே அழகான படத்தை வரைஞ்சீங்க?

"நோட்புக்கே பாதி ஓடாது." இது நியாயமான அடி. 2019-ல வந்த ஆய்வுல கிட்ஹப்ல இருந்த 14 லட்சம் நோட்புக்கை எடுத்து ஆராய்ஞ்சாங்க. ஓட்டிப் பாத்ததுல பிழையில்லாம ஓடினது சுமார் 24 சதவீதம், அதே விடை வந்தது சுமார் 4 சதவீதம். அப்ப என்ன செய்யணும்? எந்த நூலகம், எந்தப் பதிப்புன்னு பட்டியல் கொடுங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வெளியிடுங்க. மதிப்பீட்டாளரும் ஓட்டிப் பாக்கட்டும். ஓடாத நோட்புக்கைக் காட்டி நோட்புக்கே வேணாம்னா, ஒழுகுற கூரையைக் காட்டி வீடே வேணாம்னு சொல்ற கதைதான்.

"யாருங்க இதையெல்லாம் ஓட்டிப் பாக்கப் போறா?" இங்கதான் எனக்குக் கோவம் வருது. நான் இருக்கிறது கல்வராயன் மலை மேல, வெள்ளிமலையில. மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா'ன்னு 6000 கோடி ஒதுக்கி 2025-ல ஆரம்பிச்ச திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான், என்னை மாதிரி தனி ஆளுக்குக் கிடையாது. கட்டுரையைப் பூட்டி வச்சாலும் நோட்புக்கும் தரவும் வெளியில இருந்தா, கள்ளக்குறிச்சிக்கு இறங்குறப்ப டவுன்லோடு பண்ணிட்டு வந்து, மேல சிக்னல் இல்லாத ராத்திரியிலயும் பழைய லேப்டாப்புல ஓட்டலாம். அதனாலதான் வெறும் கோலேப் இணைப்பு போதாதுங்கிறேன். கோப்பாவும் கொடுங்க. மலை மேல இருக்கிறவன் ஓட்டிப் பாக்க மாட்டான்னு யார் முடிவு பண்றது?

கடைசியா ஒண்ணு. 2025 ஜனவரி 5 அன்னிக்கு சென்னையில, சிந்து எழுத்தைப் படிச்சுக் காட்டுறவங்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசுன்னு மு.க.ஸ்டாலின் அறிவிச்சார். தமிழ்நாட்டுப் பானைக் கீறல்களையும் சிந்துக் குறிகளையும் ஒப்பிட்ட தொல்லியல் துறை ஆய்வும் அப்பவே வெளிவந்துச்சு. சுமார் 60 சதவீதக் குறிகள் ஒத்துப்போகுதுன்னு எல்லாரும் பெருமையா பகிர்ந்தோம். பெருமை சரிதான். ஆனா எவ்வளவு ஒத்திருந்தா 'ஒத்துப்போகுது'? அந்த அளவுகோலை இறுக்கினா 60 என்ன ஆகும், தளர்த்தினா என்ன ஆகும்? இந்தக் கேள்வியைக் கேக்குறவன் தமிழ் விரோதி இல்லைங்க. எதிரி கேக்குறதுக்கு முன்னாடி நாமளே கேட்டு, ஓட்டிக் காட்டிட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது.

அதனால பரிசுக்கு யார் வரிசையில நின்னாலும் முதல் நிபந்தனை இதுவா இருக்கட்டும்: நோட்புக்கை எடு, ஊர் ஓட்டிப் பாக்கட்டும், அப்புறம் காசு. ஸ்டெப்புக்குத்தான் மார்க் :-)

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க வந்து கும்மலாம். அநானிகளும் வரலாம், ஆனா ஸ்டெப்போட வாங்க.