34 யூரோ குடுத்தோம், புகை எங்கே?

தம்பி அபிற்றூர் பாஸ் பண்ணினான். எங்கே போய்ச் சாப்பிடுவோம் என்று அம்மா கேட்டா. அவன் ஒரு செக்கன்கூட யோசிக்கவில்லை. "டெக்சாஸ் பாபிகியூ!" என்றான்.

ஆஹெனில் இருக்கிற உங்களுக்கு இப்படியான கடைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். சுவரில் மாட்டுக்கொம்பு. மேசையில் தகரத் தட்டு. தட்டுக்கு மேல் மண்ணிறத் தாள். நாங்கள் போன கடையின் பேர் வேண்டாம், அது இந்தக் கதைக்குத் தேவையில்லை. எனக்கும் தம்பிக்கும் பிறிஸ்கற், ஒன்று 34 யூரோ. அப்பாவுக்குப் பன்றி விலா எலும்பு, 29. அம்மா மாடும் பன்றியும் சாப்பிடமாட்டா, அவவுக்குக் கோழி, 24. குடிக்கிறதோடு 139 யூரோ. மேசையில் வைத்துவிட்டு வந்த காசையும் சேர்த்தால் 150.

அப்பா முதல் துண்டை வாயில் வைக்க முன்னம் மணந்து பார்த்தார். அவர் ஜேர்மனிக்கு வந்து கோப்பை கழுவித் தொடங்கி, 22 வருசம் உணவகக் குசினிகளில் நின்றவர். அவருடைய மூக்கை ஏமாற்றுவது கஷ்டம்.

"இதில புகை மணக்கேல்லையே பிள்ளை," என்றார். "சோஸ்தான் கதைக்குது."

சாப்பாடு கொண்டுவந்த பிள்ளையிடம் நான் கேட்டேன், என்ன விறகு பாவிக்கிறீர்கள் என்று. அவவும் ஒரு மாணவிதான், பாவம், பொய் சொல்லவில்லை. இங்கே விறகு இல்லை, இறைச்சி சமைத்துக் காற்று இறுக்கிய பையில் வருகிறது, நாங்கள் சூடாக்கிக் குடுக்கிறோம் என்றா.

அந்த 34 யூரோவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "உணவகம் எல்லாம் விலை கூட, வீட்டில சமைச்சுச் சாப்பிடுங்கோ" என்று மாமிமார் சொல்வதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் சொல்வது வேறு. 34 யூரோ கூடின விலையா இல்லையா என்பது தட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. அந்தக் காசு யாருடைய நேரத்துக்குப் போகிறது என்று பார்த்தால்தான் சொல்லலாம்.

முதலில் பிறிஸ்கற் என்றால் என்ன? மாட்டின் நெஞ்சுப் பகுதி. மாடு தன் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கி நடக்கிற இடம், அதனால் சரியான இறுக்கம். கெதியாய்ப் பொரித்தால் செருப்பு மாதிரி இருக்கும். அதனால்தான் அது ஒரு காலத்தில் மலிவான துண்டு. 110, 120 பாகை சூட்டில், விறகுப் புகையில், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வைத்திருந்தால் அதிலுள்ள கொலாஜன் மெதுவாக உருகி ஜெலற்றினாக மாறும். அப்போதுதான் அது பஞ்சு மாதிரி வரும். கொழுப்பு வெட்டி, நீர் வற்றி முடிய, வாங்கின நிறையில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். அந்த நேரம் முழுக்க ஒருவர் நெருப்போடு நிற்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஜேர்மனியில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 13.90 யூரோ. ஒருவர் 12 மணித்தியாலம் நெருப்போடு நின்றால் 166.80 யூரோ. இறைச்சி, விறகு, கடை வாடகை எல்லாம் அதுக்குப் பிறகு. அப்படிச் செய்கிற கடை 34 யூரோ கேட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். பையை வெட்டிச் சூடாக்குகிற கடையும் அதே 34 யூரோ கேட்டால், நாங்கள் காசு குடுப்பது இறைச்சிக்கு இல்லை, சுவரில் தொங்குகிற கொம்புக்கு.

அந்தக் கொம்பு சொல்கிற கதையும் அரைவாசிக் கதை. அமெரிக்காவில் பாபிகியூ ஒன்று இல்லை, ஊருக்கு ஒன்று. கிழக்கு வட கரோலினாவில் முழுப் பன்றியைச் சுட்டு, வினாகிரியும் மிளகாயும் விட்டுக் குழைப்பார்கள். மெம்பிஸில் விலா எலும்புக்கு வெறும் தூள் தடவுவார்கள். கன்சாஸ் சிற்றியில் தக்காளியும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த தடித்த சோஸ். நடு டெக்சாஸில் உப்பு, மிளகு, ஓக் விறகு, அவ்வளவுதான்.

நடு டெக்சாஸில் அதைத் தொடக்கினவர்களில் கனபேர் 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பக்கத்திலிருந்தும் போய்க் குடியேறின இறைச்சிக்கடைக்காரர். விற்காமல் மிஞ்சின துண்டுகளைப் புகை போட்டு, கடைத் தாளிலேயே சுற்றிக் குடுத்தார்கள். லொக்கார்ட் என்ற ஊரில் 1900 இல் தொடங்கின கடைக்கு இன்றைக்கும் பேர் கிறொய்ஸ் மார்க்கெட், அசல் ஜேர்மன் பேர். பருத்தி பிடுங்குகிற கூலித் தொழிலாளிகள் வந்து நின்று சாப்பிட்ட சாப்பாடு அது. தெற்கு மாநிலங்களில் குழி வெட்டி இரவிரவாக நெருப்புப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். கன்சாஸ் சிற்றியில் பாபிகியூவுக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிற ஹென்றி பெரியும் கறுப்பினத்தவர்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் விலா எலும்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி 25 சதத்துக்கு விற்றார்.

ஆக, எங்கள் மேசையில் இருந்த அந்த மண்ணிறத் தாள் அலங்காரம் இல்லை. இறைச்சிக்கடையில் சுற்றிக் குடுத்த தாள் அது. இப்போது அதுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள்.

இதுக்கு ஏன் டெக்சாஸ் மட்டும் போக வேண்டும்? இந்த நாட்டிலேயே நெருப்பு ஊருக்கு ஊர் வேறு. தூரிங்கனில் பிறாற்வூர்ஸ்ற் பற்றின மிகப் பழைய எழுத்து 1404 ஆம் ஆண்டு ஆர்ன்ஸ்ரட் கன்னியர் மடத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. குடல் வாங்க ஒரு குரோசன் செலவு என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் கதை விலையில்தான் தொடங்குகிறது! சார்லாந்தில் பன்றிக் கழுத்து இறைச்சியை ஊறவைத்து, முக்காலியில் சங்கிலி போட்டுத் தொங்கும் தட்டில் வைத்து, பீச் விறகு நெருப்புக்கு மேல் ஆட்டி ஆட்டிச் சுடுவார்கள். இறைச்சிக்கும் ஷ்வெங்கர் என்றுதான் பேர், அடுப்புக்கும் ஷ்வெங்கர், ஆட்டுகிற ஆளுக்கும் ஷ்வெங்கர். சுடுகிற ஆளை மறக்காத ஒரு சொல். இடார்-ஓபர்ஸ்ரைனில் ஸ்பீஸ்பிறாற்றன் என்று ஒன்று. இரத்தினக்கல் தேடிப் பிரேசிலுக்குப் போன ஆட்கள் அங்கேயிருந்து கொண்டுவந்தது என்று அந்த ஊர் ஆட்களே சொல்வார்கள்.

எங்களுக்கும் இது புதிது இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் ஒரு கலைஞனுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியைக் குடுத்துக்கொண்டே இருப்பான், பல் மழுங்குகிற அளவுக்கு. அவ்வளவு தூரம் ஏன், அப்பா மயிலிட்டியில் பொச்சுமட்டை நெருப்பில் மீன் சுட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர். அதை யாரும் பாபிகியூ என்று சொல்லி விற்கவில்லை. சுட்ட மீன், அவ்வளவுதான்.

இனித்தான் கஷ்டமான பகுதி. கடைக்காரருக்குப் பேசியாச்சு, இப்போது எங்களுக்கு.

2024 இல் ஜேர்மனியில் டோனர் விலை பெரிய அரசியலாக வந்தது ஞாபகம் இருக்கா? இடதுசாரிக் கட்சி டோனருக்கு விலைத்தடை வேண்டும், 4.90 யூரோவுக்கு மேல் போகக்கூடாது என்று கேட்டது. நாங்களும் அதை ஆளுக்காள் அனுப்பிச் சிரித்தோம், "சரிதானே" என்றும் எழுதினோம். பொன்ற்ஸ்ட்ராசவில் இரவு ஒரு மணிக்கு நெருப்புக்கு முன்னால் வேர்த்து நிற்கிறவர் 8 யூரோ கேட்டால் அநியாயம். ஸ்ரேக்குக்கு விலைத்தடை வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? வெள்ளை மேசைத்துணி போட்டால் விலை நியாயமாகிவிடுமா?

மற்றவர்களை விடுங்கள், என்னைச் சொல்கிறேன். தம்பிக்கு வீட்டிலும் ஒரு கொண்டாட்டம் வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு அன்ரியிடம் 100 றோல்ஸ் சொல்லியிருந்தேன். ஒன்று ஒன்றரை யூரோ என்றா. "என்ன அன்ரி, எங்கட ஆக்கள்தானே, ஒண்டு இருபதுக்குத் தாங்கோவன்" என்றேன். அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி பிள்ளை" என்றா. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

உணவகத்திலிருந்து வந்த இரவு, அதே கணக்கை அன்ரிக்கும் போட்டேன். 100 றோல்ஸுக்கு இறைச்சி, கிழங்கு, மா, முட்டை, எண்ணெய் என்று 40 யூரோ என்று வைப்போம். கறி வைத்து, ரொட்டி சுட்டு, சுருட்டி, தூளில் பிரட்டி, பொரிக்க 8 மணித்தியாலம். நான் குடுத்தது 120. மிச்சம் 80. மணித்தியாலத்துக்கு 10 யூரோ. சட்டம் சொல்கிற 13.90 இலும் குறைவு. அன்ரி முதலில் கேட்ட 150 இல்கூட 13.75தான் வருகிறது. பையைச் சூடாக்கின கடைக்கு நான் 150 யூரோவைச் சிரித்துக்கொண்டு குடுத்தேன். விடிய எழும்பிச் சுருட்டின அன்ரியிடம் 30 யூரோ வெட்டினேன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பேசவில்லை. "நானும் நிண்ட குசினியள் எல்லாத்திலயும் வெளியில வந்த தட்டுக்கு ஒரு விலை இருந்தது, உள்ளுக்க நிண்ட எனக்கு வேற விலை," என்றார். அவ்வளவுதான்.

சிலர் சொல்வார்கள், காசு என்னுடையது, ஒரு நாள் சந்தோசத்துக்குக் குடுக்கிறேன், உனக்கு என்ன என்று. குடுங்கள். தம்பி அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தான், அதை நான் திருப்பி வாங்க மாட்டேன். கடைக்காரருக்கும் வாடகை, மின்சாரம், சம்பளம் இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் புகை என்று எழுதி விற்றால் புகை இருக்க வேண்டும். அதைக் கேட்கிறது வெட்கமான காரியம் இல்லை.

அதனால் அடுத்த முறை மெனுவைத் திறக்க முன்னம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன விறகு? எத்தனை மணிக்கு அடுப்பில் வைத்தீர்கள்? முடிந்துபோனால் என்ன செய்வீர்கள்? உண்மையாய்ச் சுடுகிற கடையில் இறைச்சி முடிந்துபோகும், "இண்டைக்கு இல்லை" என்று சொல்வார்கள். எப்பவும் இருக்கிறது என்றால் அது பையிலிருந்து வருகிறது. பதில் பிடித்தால் 34 யூரோவைச் சந்தோசமாகக் குடுங்கள். பிடிக்காவிட்டால் எழும்பி வாருங்கள்.

இதே மூன்று கேள்வியையும் உங்கள் அன்ரிமாருக்கும் டோனர் கடை அண்ணைமாருக்கும் மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரியும். பிறகு பேரம் பேச வாய் வருகிறதா என்று பாருங்கள்.

நான் அன்ரி வீட்டுக்குப் போய் 30 யூரோவைக் குடுத்தேன். அவ வாங்கமாட்டேன் என்றா, நான் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அம்மாவின் பிறந்தநாளுக்கும் 100 றோல்ஸ் சொல்லியிருக்கிறேன். விலையை இந்த முறை நான்தான் சொன்னேன். ஒன்று இரண்டு யூரோ.