செக்கு வாங்கும் முன் ஒரு சோதனைப் பாத்தி

புதிய நிலக்கடலை ரகம் ஒன்று ஊருக்குள் வந்தால், அனுபவமுள்ள விவசாயி யாரும் முதல் பட்டத்திலேயே மூன்று ஏக்கரிலும் அதை விதைப்பதில்லை. பத்து சென்டில் போட்டு, பக்கத்தில் பழைய ரகத்தையும் போட்டு, காய்ப்பையும் நோயையும் பார்த்த பிறகே முடிவெடுப்பார். ஆராய்ச்சி நிலையங்களில் நாங்கள் செய்வதும் இதுதான். பல இடங்களில், விவசாயிகளின் வயல்களிலும் சோதித்த பிறகே ஒரு ரகத்தைப் பரிந்துரைக்கிறோம்.

விதையில் இவ்வளவு நிதானம் காட்டும் நாம், மதிப்புக்கூட்டல் என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். கடலையாக விற்றால் கட்டுப்படியாகவில்லை, செக்கு எண்ணெயாக விற்கலாம் என்று தோன்றியதும் முதலில் கொட்டகை, அடுத்து செக்கு, பிறகு பெயர் அச்சடித்த பாட்டில். எண்ணெயை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் செக்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மானியம் இருக்கிறதே என்பீர்கள். 2020ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனுடன் இணைந்த மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் 8 லட்சம் ரூபாயில் தொழில் தொடங்கினால், மானியம் 2.80 லட்சம் போக மீதி 5.20 லட்சம் உங்கள் பொறுப்பு. எண்ணெய் தேங்கினாலும் தவணை தேங்காது.

ஆகவே, எண்ணெய்க்கும் ஒரு சோதனைப் பாத்தி போடுங்கள். மாதம் 100 கிலோ காய் வீதம், மூன்று மாதம் போதும். நன்றாகக் காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். பூஞ்சணம் பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அஃப்ளாடாக்சின் நஞ்சு அவற்றில்தான் அதிகம். மீதியைப் பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டினால், இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் ஏறக்குறைய 25 லிட்டர் எண்ணெயும், கூடவே புண்ணாக்கும் வரும். சோதனை விற்பனைதானே என்று உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

விற்பதில் மூன்று கட்டுப்பாடு வேண்டும். உறவினருக்கு விற்றதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முழு விலைக்கு, ரொக்கத்துக்கே விற்க வேண்டும். முதல் முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள் என்பதை நோட்டில் எழுத வேண்டும். முதல் பாட்டிலை உங்கள் முகத்துக்காகவும் வாங்குவார்கள். இரண்டாவதை எண்ணெய்க்காகவே வாங்குவார்கள்.

வரவு செலவில் ஒப்பீட்டுப் பாத்தியை மறக்காதீர்கள். அதே 100 கிலோ காயை அன்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் முதல் செலவு. சொந்தக் காடு, சொந்தக் கடலை என்று அதைச் சும்மா வந்ததாக நினைக்காதீர்கள். உடைப்புக் கூலி, செக்குக் கூலி, பாட்டில், பெட்ரோல், உங்கள் வீட்டாரின் நாள் கூலி எல்லாவற்றையும் சேருங்கள். எண்ணெயும் புண்ணாக்கும் விற்ற பணத்தில் இவை போக மிஞ்சுவதே லாபம்.

அந்த லாபத்தை லிட்டர் கணக்குக்குக் கொண்டுவந்து, வரப்போகும் மாதத் தவணையை அதனால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, தவணை 10,000 ரூபாய், லிட்டருக்கு மிஞ்சுவது 40 ரூபாய் என்றால், மாதம் 250 லிட்டர் விற்றால்தான் தவணை மட்டுமாவது கட்ட முடியும். வீட்டுக்கு 2 லிட்டர் என்றால் 125 வீடுகள் மாதந்தோறும் வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் உங்களுக்கு நிலையாகக் கிடைத்தது பத்து வீடுதான் என்றால், செக்கு வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை. கூலிக்கு ஆட்டியே தொடருங்கள், அல்லது விட்டுவிடுங்கள். போனது சில ஆயிரம்தான், நிலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தின் விலைப்புள்ளியைக் கேட்கும் முன், இந்த மூன்று மாத நோட்டைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு மானியம் வாங்கிக் கொடுத்தோம் என்பதைவிட, எத்தனை செக்கு மூன்றாம் ஆண்டும் ஓடுகிறது என்பதே நம் வேலைக்கு அளவுகோல்.