உல்லாசப் படகில் ஏறும் முன் தலைகளை எண்ணுங்கள்!

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் வேன் பிடித்துக் கிழக்கே போக வேண்டும்.

ஆனால் ஒரு காலத்தில் கடல் இங்கேதான் இருந்தது! அது சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்திய கதை. இன்று சிமெண்டு ஆலைக்கு வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல் அந்தக் கடலின் அடியில் படிந்ததுதான். அரியலூர் வட்டாரத்துச் சுரங்கங்களில் சிப்பியும், சுருள் சுருளான கடல் உயிரினங்களும் கல்லாகக் கிடைக்கின்றன. வாரணவாசியில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகி 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது.

கடல் நகர்ந்து போய்விட்டது. கடல் ஆசை மட்டும் நகரவில்லை.

வேன் போகும் வழி

லீவு விட்டால் போதும். கூட்டாளிகள் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போடுகிறார்கள். விடியற்காலையில் வேன் கிளம்புகிறது. ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு கும்பிடு. சிதம்பரத்தில் டிபன். பிறகு நேரே பிச்சாவரம். நேரம் இருந்தால் பூம்புகார், தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, நாகூர், வேளாங்கண்ணி என்று கரையோரமாகவே ஒரு சுற்று.

இந்தப் பயணத்தில் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பது படகு சவாரிக்குத்தான். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் படகு போகும். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படத்தை இங்கேதான் எடுத்தார்கள். 2004-ல் சுனாமி வந்தபோது இந்தக் காடுதான் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றது. பார்க்க வேண்டிய இடம்தான். சந்தேகமே இல்லை.

நாம் கேட்பது வேறு. போனவர்கள் எல்லாரும் அதே வேனில் வீடு திரும்புவதற்கு யார் பொறுப்பு?

ஒரே மாதிரி சாவு

கடந்த சில வருஷங்களில் நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2009 செப்டம்பர் 30: தேக்கடி ஏரி. ‘ஜலகன்யகா’ என்ற அரசுச் சுற்றுலாக் கழகத்தின் புதுப் படகு. கரையில் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாக எழுந்து போனார்கள். படகு கவிழ்ந்தது. 45 பேர் பலி!

2011 டிசம்பர் 25: பழவேற்காடு. கிறிஸ்துமஸ் லீவைக் கழிக்க வந்தவர்கள் மீன்பிடிப் படகில் ஏறினார்கள். லைப் ஜாக்கெட் இல்லை. பெண்கள், குழந்தைகள் உட்பட 22 பேர் பலி!

2023 மே 7: கேரளாவில் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினார்கள். 22 பேர் பலி. ஒரே குடும்பத்தில் குழந்தை குட்டிகளோடு போனவர்கள் பலர்.

2024 ஜனவரி 18: குஜராத்தில் வதோதராவின் ஹர்ணி ஏரி. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா. இங்கும் அளவுக்கு மீறிய கூட்டம். 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள் பலி!

ஊர் வேறு, தண்ணீர் வேறு. ஆனால் கதை ஒன்றுதான். இந்த நாலிலும் புயல் இல்லை, ராட்சத அலை இல்லை. கூட்டம் கூடிப்போனது, அல்லது ஒரு பக்கம் சாய்ந்தது, அல்லது மீன் பிடிக்கிற படகில் மனிதனை ஏற்றினார்கள். இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே போதும். “விதி” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமே இல்லை!

படகு ஏன் கவிழ்கிறது?

வைக்கோல் வண்டி பார்த்திருப்பீர்கள். பாரம் உயர உயர வண்டி ஆட்டம் போடும். மேட்டில் ஒரு சக்கரம் ஏறினால் போதும், குடை சாயும். படகும் அப்படித்தான். ஆள் உட்கார்ந்திருந்தால் பாரம் கீழே இருக்கும். எழுந்து நின்றால் பாரம் மேலே போகும். மாடி வைத்த படகில் மேல்தளத்தில் கூட்டம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். “அதோ பார் முதலை, இதோ பார் பறவை” என்று இருபது பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் உள்ளே ஏறும். ஏறின தண்ணீரும் அதே பக்கம்தான் ஓடும். அதற்கப்புறம் நிமிர்த்த யாராலும் முடியாது. எல்லாம் ஒரு நிமிஷ வேலை.

மீன்பிடிப் படகு வலையும் ஐஸ் பெட்டியும் சுமக்கச் செய்தது. அதெல்லாம் அடியில் கிடக்கும். மனிதப் பாரம் அப்படிக் கிடக்குமா? செல்பி எடுக்க எழுந்து நிற்கும்!

குற்றவாளி யார்?

படகுக்காரரை மட்டும் பிடித்து உள்ளே போட்டால் கதை முடிந்ததா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அரசு நிவாரணம் தருகிறது. அதை வைத்து இரண்டு மாதம் ஒரு குடும்பம் ஓடுமா? அதே இரண்டு மாதம்தான் பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு. கடற்கரை பூராவும் வேனும் பஸ்ஸும். படகு வைத்திருக்கிறவன் சும்மா இருக்கிறான். ஊரிலிருந்து வந்தவன் “அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிப்போங்க” என்கிறான். விலை படிகிறது. டிக்கெட் இல்லை, கணக்கு இல்லை, ஆள் எண்ணிக்கை இல்லை.

பழவேற்காட்டுச் சாவுக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை போடுவது சுலபம். ஆசையும் பசியும் சேருகிற இடத்தில் தடை மட்டும் நிற்காது. மீனவர்களுக்கே பயிற்சி கொடுத்து, தகுதியுள்ள படகுக்குப் பதிவு கொடுத்து, கரையில் ஒரு கவுண்டர் வைத்து நடத்தினால் அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் உயிர்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1917-ம் வருஷத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. கேரளாவில் 2002-ல் குமரகத்தில் 29 பேர், 2007-ல் தட்டேக்காட்டில் 18 பேர், பிறகு தேக்கடி. ஒவ்வொன்றுக்கும் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அறிக்கையும் வந்தது. அப்புறமும் தானூர் நடந்தது! அறிக்கை அலமாரியில் இருந்தால் படகு மிதக்காது.

விபத்துக்குப் பொறுப்பு ஏற்பது என்றால் என்ன என்று அரியலூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டே விலகினார். இன்று ஒரு படகுத்துறை மேஸ்திரியாவது “என் தப்பு” என்கிறாரா?

பெரிய கப்பலும் தப்பவில்லை

2012 ஜனவரி 13. இத்தாலியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற சொகுசுக் கப்பல். 4 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். கரையில் இருப்பவர்களுக்குக் கப்பலைக் காட்டுவதற்காகத் தீவை ஒட்டி ஓட்டினார் கேப்டன். பாறையில் மோதி 32 பேர் பலி. அவருக்கு 16 வருஷ ஜெயில்.

அதன் பிறகு உலக அளவில் விதியை இறுக்கினார்கள். ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்பது, லைப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது என்ற ஒத்திகையைக் கப்பல் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும்.

நம் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு விடுகிற பூம்புகார் கப்பல் கழகப் படகில் லைப் ஜாக்கெட் கொடுத்துத்தான் ஏற்றுகிறார்கள். கடல் சீற்றம் என்றால் வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் படகை நிறுத்திவிடுகிறார்கள். ஜனங்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்க உயிரோடு இருக்கிறார்களே, அது போதாதா? இங்கே முடிகிறது மற்ற துறைகளில் ஏன் முடியாது?

நீங்கள் செய்ய வேண்டியது

அரசு செய்யட்டும். அதுவரை உங்கள் உயிருக்கு நீங்கள்தான் அதிகாரி.

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். ஏறியிருப்பவர்களை எண்ணுங்கள். ஒரு தலை கூடினாலும் இறங்கிவிடுங்கள். குழந்தையும் ஒரு தலைதான்.

லைப் ஜாக்கெட்டை மடியில் வைக்காதீர்கள். மாட்டி, வாரை இறுக்குங்கள். “அஞ்சு நிமிஷ சவாரிதானே, இது எதுக்கு?” என்பார்கள். மூழ்குவதற்கு அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம். குழந்தைக்குக் குழந்தை அளவில் கேளுங்கள். இல்லை என்றால் குழந்தையோடு கரையிலேயே இருங்கள்.

பொழுது சாய்ந்தால் ஏறாதீர்கள். குடித்தவனை ஏற்றாதீர்கள். என்ன தெரிந்தாலும் உட்கார்ந்தே பாருங்கள்.

படகுக்காரருக்குக் கொஞ்சம் பணம் அதிகம் கொடுத்து “இன்னும் நாலு பேரை ஏத்துங்க அண்ணே” என்று கெஞ்சுகிறவர் பெரும்பாலும் நம்ம ஆள்தான். கூட்டாளியைப் பிரிந்து அடுத்த படகில் வர மனசு இல்லை. இரண்டு படகாகப் போனால் என்ன குறைந்துவிடும்? கரைக்கு வந்ததும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடலாமே!