தண்டோராவும் மேடையும்: சூழல் விழிப்புணர்வில் விடுபடும் சாதி

1991ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வழக்கத்திற்கு மாறான ஆணையைப் பிறப்பித்தது. திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியின்போதும் சுற்றுச்சூழல் பற்றிய வில்லைப்படங்களைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும். சூழல் பற்றிய குறும்படங்களைத் தயாரிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சில நிமிடங்களை இதற்கென ஒதுக்க வேண்டும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக்கப்பட வேண்டும். சட்டத்தை மக்கள் மதிக்க வேண்டுமானால் அதன் தேவையை அவர்கள் முதலில் உணர வேண்டும் என்பதே அந்த ஆணையின் அடிப்படை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. இன்று கல்லூரியில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் சுற்றுச்சூழல் கல்வித் தாளை எழுதித் தேறித்தான் பட்டம் பெறுகிறார். ஜூன் 5 வந்தால் கருத்தரங்குகளும் மரக்கன்றுகளும் உறுதிமொழிகளும் நிரம்புகின்றன. நாளிதழ்கள் இணைப்பிதழ் வெளியிடுகின்றன. விழிப்புணர்வுக்குக் குறைவில்லை. ஆனால், இந்த மேடைகளில் பேசுவது யார், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசாமல் விடுவது எதை என்ற கேள்விகளை நாம் போதுமான அளவு எழுப்பவில்லை. சட்டத்தின் சொற்களையும் அது நடைமுறையில் இயங்கும் விதத்தையும் வைத்து அவற்றை இங்கே எழுப்புகிறோம்.

பறையடித்து அறிவிக்கும் சட்டம்

பெருந்திட்டம் ஒன்று ஒரு பகுதிக்கு வரும்போது மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கூட்டம் பற்றி ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். செய்தித்தாள் சென்று சேராத இடங்களில் என்ன செய்வது? அதற்கும் அந்த அறிவிக்கையின் பிற்சேர்க்கை வழி சொல்கிறது: பறையடித்து அறிவிக்கலாம், வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் தெரிவிக்கலாம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்டோரா போடுபவர் யார் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவை அரசே தொடரக் கூடாது என்ற அந்த நிலைப்பாடு வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தக் கடிதம் தொடாத ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. ஊர் முழுவதற்கும் செய்தியைச் சுமந்து சென்றவருக்கு, அந்தச் செய்தி அழைக்கும் கூட்டத்தில் இருக்கை உண்டா?

கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு வழக்கறிஞர்களாகச் சென்றவர்கள் என்ற முறையில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். கூட்டம் பெரும்பாலும் வேலைநாளின் முற்பகலில் நடக்கிறது. அன்றாடக் கூலிக்குச் செல்பவர் வந்தால் அன்றைய கூலி போகும். கூட்டம் நடக்கும் மண்டபம் ஊர்ப்பக்கம் இருக்கும். முன்வரிசையில் நிலவுடைமையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்சிப் பொறுப்பாளர்களும் அமர்ந்திருப்பார்கள். ஒலிவாங்கி அவர்களைக் கடந்து பின்வரிசைக்கு வரும்போது நேரம் முடிந்திருக்கும். யார் நிலத்தில் வேலை செய்கிறாரோ அவர் முன்னால் நின்று, அந்த நிலம் விற்கப்படுவதை எதிர்த்துப் பேச ஒரு விவசாயக் கூலிக்கு எத்தனை துணிவு வேண்டும்? இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்ற வரம்பு சட்டத்தில் கிடையாது. சேரியிலிருந்து ஒருவர்கூட வராவிட்டாலும் கூட்டம் செல்லும். 'மக்கள் கருத்து கேட்கப்பட்டது' என்று கோப்பில் பதிவாகும்.

நிலம் இழப்பவருக்கு இழப்பீடு உண்டு என்பதால் அவர் பேச்சுக்கு எடை இருக்கிறது. நிலமே இல்லாமல் ஏரியில் மீன் பிடித்தும், புறம்போக்கில் ஆடு மேய்த்தும், வயலில் களையெடுத்தும் வாழ்பவரின் இழப்பு எந்தப் பட்டியலிலும் எளிதில் ஏறுவதில்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு என்கிறது 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு. அவர்களில் பெரும்பாலோர் கிராமப்புற நிலமற்றோர். பொது வளங்கள் அழியும்போது முதலில் பட்டினிக்குத் தள்ளப்படுவோரும் அவர்களே.

மொழி என்னும் வேலி

2020இல் மத்திய அரசு புதிய தாக்க மதிப்பீட்டு வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. இந்த நாட்டின் பெரும்பகுதி மக்கள் படிக்க முடியாத ஆவணத்தின்மீது அவர்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. வழக்குத் தொடரப்பட்டதும், எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அரசு அதை நிறைவேற்றுவதற்குப் பதிலாக உச்ச நீதிமன்றத்திற்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. விழிப்புணர்வு பற்றி மேடைதோறும் பேசும் அரசு, விழித்துக்கொள்ளத் தேவையான ஆவணத்தை மக்கள் மொழியில் தர மறுத்து வழக்காடியது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பாடத்திட்டத்திலும் இதே வேலி வேறு வடிவில் நிற்கிறது. உச்ச நீதிமன்ற ஆணையின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகளுக்கு வகுத்த கட்டாயப் பாடத்தில் எட்டு அலகுகள் இருந்தன. ஆறாம் அலகின் பெயரே 'சமூகப் பிரச்சினைகளும் சுற்றுச்சூழலும்'. மறுகுடியமர்வு, நுகர்வியம், தரிசு நில மீட்பு எல்லாம் அங்கே தலைப்புகள். சாதி தலைப்பாக இல்லை. குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று கற்பிக்கும் பாடம், அங்கே வாழ்வது யார், அதை அள்ளுவது யார் என்று கேட்காமலேயே முடிந்துவிடுகிறது.

எந்தப் படம் திரைக்கு வரும்?

சூழல் பற்றிய குறும்படங்களைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவர விரும்பியது உச்ச நீதிமன்றம். 2017இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் வெளிவந்தது. மலக்குழியிலும் தெருவிலும் கையால் கழிவை அள்ளும் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் தமிழ்நாடெங்கும் சென்று பதிவு செய்த படம் அது. அதைவிட நேரடியான சூழல் விழிப்புணர்வுப் படம் எது? பல இடங்களில் திரையிடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் வழக்குகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டார். மரம் நடச் சொல்லும் படத்திற்கு வரவேற்பும், மலக்குழியைக் காட்டும் படத்திற்குத் தடையும் கிடைப்பதில் ஒரு தெளிவான அரசியல் இருக்கிறது. யாரையும் பொறுப்பாக்காத விழிப்புணர்வை அதிகாரம் விரும்புகிறது. பொறுப்பைச் சுட்டும்போது அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுகிறது.

கையால் கழிவகற்றும் பணியில் அமர்த்துவதை 1993இலும் 2013இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தடை செய்தன. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் மலக்குழிகளில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இறப்பின் விலையை நீதிமன்றம் உயர்த்த வேண்டியிருப்பதே இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. இச்செய்திகள் நாளிதழில் 'விபத்து' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. ஆற்றில் கழிவுநீர் கலப்பது சூழல் செய்தி. அந்தக் கழிவுநீர்க் குழாயின் அடைப்பை எடுக்க இறங்கியவர் மூச்சுத் திணறி இறப்பது உள்ளூர்ச் செய்தி. ஒரே குழாயின் இரு முனைகளை ஊடகம் இரு பக்கங்களில் பிரித்து அச்சிடுகிறது.

2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிச்சத்திற்கு வந்தது. ஆய்வுக்குச் சென்ற மாவட்ட ஆட்சியர் முன்பாகவே அங்கு நிலவிய இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் அம்பலமாயின. 2025 ஜனவரியில் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாகத் தெரிவித்தது. அப்பகுதி மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வழக்கின் போக்கைத் தனியே விவாதிக்க வேண்டும். இங்கே நாம் சுட்டுவது வேறொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1), பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதைத் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. நீர் மாசுபாட்டையும் சாதியையும் சட்டம் ஒரே வரியில் இணைத்துப் பார்க்கிறது. நீர்ப் பாதுகாப்பு பற்றி ஆண்டுதோறும் நடக்கும் கருத்தரங்குகள் இன்னும் அந்த வரிக்கு வந்து சேரவில்லை.

மகாத் கற்பிக்கும் பாடம்

நீரையும் ஊடகத்தையும் சமத்துவத்தையும் இணைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிடும் தீர்மானம் 1923இல் பம்பாய் மாகாண சட்டமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் உரிமை இருந்தது, குளத்தில் இல்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்திற்குச் சென்று நீர் அருந்தினார். தாக்குதல் நடந்தது. பின்னர் சாதி இந்துக்கள் பஞ்சகவ்யத்தைக் கலந்து குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, அம்பேத்கர் 'பகிஷ்கிருத் பாரத்' இதழைத் தொடங்கினார். குளத்து உரிமையை நிலைநாட்டிய பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 மார்ச் வரை ஆயிற்று.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, நடந்ததை நாமே எழுதாவிட்டால் அது வேறொருவரின் சொற்களில் எழுதப்படும் என்பது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியதற்கும் இதுவே காரணம். இரண்டாவது, 'தூய்மை' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பது. மனிதர் அருந்திய குளத்தைத் தீட்டு என்று சொன்ன அதே சொல், இன்று பரப்புரை வாசகங்களில் இனிமையாக ஒலிக்கிறது. யாருடைய தூய்மைக்காக யாருடைய கை அழுக்காகிறது என்று கேட்காத தூய்மை இயக்கம், பழைய ஏற்பாட்டையே புதிய சீருடையில் தொடர்கிறது.

'மாசுக்குச் சாதி தெரியாது. சூழல் போராட்டத்தில் சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும்' என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். காற்றுக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் குப்பைக் கிடங்கின் இடத்தைக் காற்று தேர்ந்தெடுப்பதில்லை. சுடுகாட்டுப் பாதையையும், தண்ணீர்க் குழாய் முடியும் இடத்தையும் மனிதர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். அந்த முடிவில் சாதி இருக்கிறது. அதைப் பேசாமல் காக்கப்படும் ஒற்றுமை, பாதிக்கப்பட்டவரின் மௌனத்தின்மீது கட்டப்பட்டது.

நம் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் என்பது வசதி படைத்தோரின் கவலை என்று நம் இயக்கங்களில் பலர் ஒதுங்கியிருந்தோம். நிலவுரிமைக்கும் கூலிக்கும் வன்கொடுமைக்கும் போராடிய நாம், அவை அனைத்தும் நிற்கும் நீரையும் மண்ணையும் பிறர் பேசட்டும் என்று விட்டுவிட்டோம். விட்ட இடத்தை நாம்தான் மீட்க வேண்டும்.

செய்யக் கூடியவை

கருத்துக்கேட்புக் கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்கள் மொழியில் அனைவர் முன்னிலையிலும் படித்துக் காட்டிய பிறகே அதிகாரி கையொப்பமிட வேண்டும் என்கிறது அறிவிக்கை. கூட்டம் முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும். பெரும்பாலோர் சுருக்கம் படிக்கப்படும் முன்பே கலைந்துவிடுகிறார்கள். செயற்பாட்டாளர்கள் இறுதிவரை இருந்து, சேரி மக்கள் சொன்னது பதிவாகியுள்ளதா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் அங்கேயே திருத்தக் கோர வேண்டும். பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே காணொளியைக் கேட்டுப் பெறலாம். நேரில் பேச அஞ்சுவோர் எழுத்து வடிவில் கருத்துத் தரலாம். அதை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது சட்ட மாணவர்களின் பணியாகட்டும். சேரிக்குத் தனியே அறிவிப்பும், மாலை நேரக் கூட்டமும் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கோருவோம்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டாயப் பாடத்தின் எட்டாம் அலகாக வைக்கப்பட்டது களப்பணி. பூங்காவைப் பார்த்து வந்து நான்கு பக்கம் எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் ஊரின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை கொட்டும் இடம், கழிவுநீர் வடியும் இடம், குடிநீர்த் தொட்டி, சுடுகாடு, மழைநீர் தேங்கும் தெரு ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு ஊரும் சேரியும் பிரியும் கோட்டை அதன்மீது வரையுங்கள். அந்த வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொடுத்த பின் ஊராட்சி அலுவலகத்திலும் மனுவாகக் கொடுங்கள்.

கருத்தரங்கு நடத்தும் அமைப்புகள் தூய்மைப் பணியாளரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. பொன்னாடைக்குப் பதில் ஒலிவாங்கியைக் கொடுங்கள். குப்பையை வீட்டிலேயே தரம் பிரித்துத் தர வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கடமையாக்கின. பிரிக்காத குப்பைக்குள் உடைந்த கண்ணாடியும் ஊசியும் இருந்தால் கை என்ன ஆகும் என்பதை அவரைவிடத் தெளிவாக விளக்கக் கூடிய சூழல் அறிஞர் எவரும் இல்லை.

செய்தி அறிவிக்கப் பறையும், கழிவை அள்ளக் கையும் நம்மிடமிருந்து பெறப்பட்டன. முடிவெடுக்கும் கூட்டத்தில் நம் குரல் பதிவாகும் நாளில்தான் உச்ச நீதிமன்றம் 1991இல் விரும்பிய விழிப்புணர்வு முழுமை பெறும். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிவிப்பு உங்கள் பகுதிக்கு வரும்போது, அந்த வரைபடத்தோடு சென்று அமருங்கள். முன்வரிசையில்.