கேலரிக்கும் தீர்ப்பைச் சொல்லுங்கள்

2024ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி இரவு, தோஹா நகரத்து ஜாஸிம் பின் ஹமத் அரங்கில், உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் இரண்டாம் சுற்றுக் கடைசி ஆட்டத்தில், சாங்டே 37ஆவது நிமிஷத்தில் போட்ட கோலினால் கத்தாரை முந்தி நின்ற இந்திய அணிக்கு, 73ஆவது நிமிஷத்தில் நேர்ந்த அநியாயத்தைப் பந்தாட்டப் பிரியர் எவரும் இன்னும் மறக்கவில்லை. தலையால் முட்டப்பட்டு வந்த பந்தைக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் தடுத்தார். தடுத்த பந்து உருண்டு, கம்பத்துக்கு அப்பால் எல்லைக் கோட்டைத் தாண்டிற்று. ஆட்டம் நின்றது என்று எண்ணி நம்மவர்கள் கையைத் தொங்கவிட்டு நின்ற அந்தக் கணத்தில், வெளியே போன பந்தைக் கத்தார் ஆட்டக்காரர் ஒருவர் காலால் இழுத்து உள்ளே கொடுக்க, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். தென்கொரிய நடுவர் கோல் என்றார். அவர் சந்தேகப்பட்டிருந்தாலும் திரும்பிப் பார்க்க அன்று வி.ஏ.ஆர். என்னும் காணொளிப் பரிசீலனை வசதி கிடையாது. 85ஆவது நிமிஷத்தில் இன்னொரு கோலும் விழுந்து, 2-1 என்று தோற்று, மூன்றாம் சுற்றுக்குப் போகும் வாய்ப்பையும் இழந்தோம். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் புகார் எழுதிற்று, விசாரணை கேட்டது. முடிவு மட்டும் மாறவில்லை.

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம், பழைய ரசிகர்கள் சிலர் சொல்வதுபோல ‘யந்திரம் வந்தால் ஆட்டத்தின் ஜீவன் போய்விடும்’ என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில், முகத்துவாரக்குப்பத்து மணலில், சவுக்குக் கழிகளை நட்டுக் கோல் கம்பமாக்கி ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். குதிகாலால் கிழித்த கோட்டைக் கடற்காற்று கால்மணி நேரத்தில் அழித்துவிடும். பந்து உள்ளேயா வெளியேயா என்ற தகராறு ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. சில வேளை பந்தையே அலை கொண்டுபோய்த் தகராறைத் தீர்த்துவைத்ததும் உண்டு. அப்போது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கேட்போம். அவர் ‘உள்ளே’ என்பார், அல்லது ‘நான் பாக்கலடா, மறுபடி ஆடுங்க’ என்பார். அவர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்பது அங்கே நின்ற சிறுபிள்ளைக்குக்கூடக் கேட்கும். ஆத்திரம் தீராவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.

பந்து கோட்டைத் தாண்டிற்றா என்பது பிரத்தியட்சமான சங்கதி. அதற்கு ஒரே விடைதான் உண்டு. அந்த விடையை மனிதக் கண்ணைவிட யந்திரம் நன்றாகச் சொல்லுமானால், அதனிடம் விட்டுவிடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்டு அடித்த பந்து குறுக்குச் சட்டத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்ததை உலகமே கண்டது. நடுவரும் லைன்ஸ்மேனும் மட்டுமே காணவில்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது. 2014 உலகக் கோப்பையில் அது புழக்கத்துக்கு வந்தபின் இந்த வகைச் சண்டை ஏறக்குறைய ஒழிந்தே போயிற்று. நடுவரின் கைக்கடிகாரம் உடனே அறிவிக்கிறது. ஆட்டம் ஒரு விநாடியும் நிற்பதில்லை. எனக்குத் தெரிந்தவரையில் குறை சொல்ல இடமில்லாத யந்திரம் அது ஒன்றுதான்.

ஆஃப்சைடு விஷயத்தில் என் மனம் அவ்வளவு ஸ்திரமாக இல்லை. 2022இல் கத்தாரில் அரங்குக் கூரையின் கீழ் 12 கேமராக்களைப் பொருத்தி, ஒவ்வோர் ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை குறித்து, பந்துக்குள்ளேயும் ஒரு கருவியை வைத்து, அதை விநாடிக்கு 500 தடவை சேதி சொல்லச் செய்தார்கள். முதல் ஆட்டத்தின் மூன்றாம் நிமிஷத்திலேயே எக்வடோர் போட்ட கோல் அதனால் ரத்தாயிற்று. கணக்கு சரிதான். ஆனால் கால்விரல் நுனி முன்னே நீட்டிக்கொண்டிருந்த குற்றத்துக்காக ஒரு நல்ல கோலை அழிப்பது, அந்த விதியை முதலில் எழுதியவர்கள் கனவிலும் கருதாத நியாயம் என்றே தோன்றுகிறது.

அபிப்பிராயத்தைச் சார்ந்த விஷயங்களிலோ யந்திரம் வந்ததனால் சச்சரவு குறைந்தது என்று எவரும் மெய்ப்பிக்க முடியாது. 2023 மார்ச் 3ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா அரங்கில், ஐ.எஸ்.எல். வெளியேற்றுச் சுற்றின் கூடுதல் நேரத்தில், கேரள பிளாஸ்டர்ஸ் அணியினர் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கையிலேயே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் அதை ஒப்புக்கொண்டார். கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறிற்று. பிறகு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டத் தடையும் வந்தன. வி.ஏ.ஆர். இருந்தால் இது நேர்ந்திராது என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் கண்டதைத்தானே கேமராவும் காட்டியிருக்கும்? விசிலுக்குக் காத்திரு என்று நடுவர் சொன்னாரா, சொல்லாவிட்டால் அடித்தது முறையா என்பதே அங்கே வினா. அதை நடுவர் வாய்திறந்து சொன்னாலொழிய ஒருவருக்கும் விளங்காது.

அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல், இன்னும் விசித்திரமான பாடம். படத்தில் கோடு சரியாகவே விழுந்தது. அவர் ஆஃப்சைடு இல்லை என்பதும் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் மைதானத்தில் நடுவர் கோல் கொடுத்திருக்கிறார் என்று வி.ஏ.ஆர். அறைக்குள் இருந்தவர் தவறாக எண்ணிக்கொண்டு, ‘பரிசீலனை முடிந்தது’ என்று சொல்லிவிட, கொடுக்கப்படாத கோல் கொடுக்கப்படாமலே போயிற்று. யந்திரம் பிசகவில்லை, இரண்டு மனிதர்களுக்கு நடுவில் பேச்சு பிசகிற்று.

இனி கேலரிக்கு வருகிறேன். எண்ணூரில் ரயிலேறி, மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைச் சுற்றி நடந்து நேரு விளையாட்டரங்குக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவனுக்குக் கிடைக்கும் சௌகரியத்தில் பாதியும் கிடைப்பதில்லை. ஓட்டப் பாதை குறுக்கே கிடப்பதால் மைதானம் தூரத்தில் இருக்கிறது. எதிர்க் கோலருகே நடப்பதை ஊகத்தால்தான் நிரப்பிக்கொள்கிறோம். தண்ணீர்ப் பாட்டிலை வாசலிலேயே பறிகொடுத்துவிட்டு, உள்ளே கேட்ட விலைக்கு வாங்கிக் குடிக்கிறோம். இவ்வளவுக்கும் ஈடாக எங்களுக்கு இருப்பது ஒன்றே: வலை அசைந்த அந்த விநாடியில், பக்கத்தில் இருப்பவன் யார் எவன் என்று தெரியாமலே கட்டிப்பிடித்துக்கொள்ளும் உரிமை. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில், சென்னையின் எஃப்.சி.யின் ஜெஜே ஒன்று போட்ட சூட்டோடு சூடாக நம் வடசென்னைப் பிள்ளை தனபால் கணேஷ் இரண்டாவதைப் போட்டபோது கேலரி எப்படி இருந்தது என்பதை, அங்கே இல்லாதவருக்கு விளக்க முடியாது. 2015 டிசம்பரில், வெள்ளத்தினால் நம் ஊர் அரையிறுதியே புனேவுக்குப் போய், பின்பு கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்றபோது, சேறு இன்னும் காயாத தெருக்களில் பட்டாசு வெடித்தது. அந்தக் கோல்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம் காத்திருக்கச் சொல்லியிருந்தால், வெடித்திருக்குமா என்று கேட்கிறேன்.

காத்திருப்பதுகூடப் பெரிதில்லை, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருப்பதே பெருங்குறை. காசு கொடுத்து, வேலையை விட்டு, பயணம் செய்து வந்தவன் ஒன்றும் அறியாதவனாக உட்கார்ந்திருக்க, வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருப்பவன் ஆறு கோணங்களில் பார்த்து, வர்ணனையாளரின் விளக்கமும் கேட்டு, தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். பக்கத்து வரிசைப் பையன் செல்போனைப் பார்த்து, ‘அண்ணா, கையில பட்டிருக்காம்ணா’ என்று சொல்லித்தான் அரங்கில் இருப்பவனுக்கு விஷயம் தெரியவேண்டும் என்றால், அரங்குக்கு வருவதன் அர்த்தம் என்ன?

2023 மகளிர் உலகக் கோப்பையில், பரிசீலித்து முடித்த நடுவர் ஒலிவாங்கியில் தம் முடிவை அரங்கு முழுவதும் கேட்கச் சொன்னார். சில நடுவர்களுக்கு நா குழறிற்று, அதனால் என்ன? தீர்ப்பளித்தவர் தீர்ப்பைத் தாமே சொன்னார். இந்தியாவில் எந்த யந்திரம் வந்தாலும் இந்த ஏற்பாடு அதற்கு முன்னால் வரவேண்டும். சென்னையில் தமிழிலும் வரவேண்டும். சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே 2023இல் பெல்ஜியத்தைப் பார்த்து, செலவு குறைந்த ‘வி.ஏ.ஆர். லைட்’ பற்றிப் பேசினார். அதைவிட எளியது 2024இல் மகளிர் இளையோர் உலகக் கோப்பைகளில் சோதித்த முறை. அதில் தனி அறையும் இல்லை, அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு கோலையும் துருவும் அதிகாரிகளும் இல்லை. பயிற்சியாளருக்கு ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. விரலைச் சுழற்றிக் காட்டி ஓர் அட்டையை நீட்டினால், நடுவரே போய்த் திரையைப் பார்த்து முடிவு சொல்வார். இருக்கிற கேமராக்களே போதும். தோஹாவில் இது இருந்திருந்தால், அட்டையை நீட்ட நம் பயிற்சியாளர் ஒரு விநாடியும் தயங்கியிருக்க மாட்டார்.

பணம் மிச்சமானால் அதை நடுவர்களுக்குக் கொடுக்கலாம். 2002 உலகக் கோப்பையில் கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகக் கொடி பிடித்து ஓடினார்; உலகக் கோப்பைக்கு ஆடப் போகாத தேசத்திலிருந்து நடுவர் ஒருவர் போனார் என்பது லேசான விஷயமல்ல. அப்படிப்பட்டவர்கள் சென்னை லீக் ஆட்டங்களில், வெயிலில், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி ஆட்டக்காரர்களின் வசவுகளுக்கு நடுவே விசில் ஊதித்தான் உருவாகிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் உருவாவதில்லை. ஒன்றிரண்டு வசவு என்னுடையதாகவும் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம், பரிசீலனைகளும் அவற்றை ஈடுகட்டும் கூடுதல் நிமிஷங்களும் சேர்ந்து பத்து மணியை நெருங்கினால், அண்ணாநகருக்குப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. எண்ணூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகிறவன் 80ஆவது நிமிஷத்திலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கி, 85ஆவதில் எழுந்துவிடுகிறான். கடைசி நிமிஷக் கோல் சரியா தப்பா என்று உலகத்திலுள்ள அத்தனை கேமராக்களும் கூடி ஆராயும்போது, அதைப் பார்க்கச் சீட்டு வாங்கியவன் பேசின் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருப்பான். ஆகவே ஆட்டத்தை ஆறரைக்குத் தொடங்குங்கள். அல்லது ஆட்ட நாட்களில் ஒரு ரயிலைக் கூடுதலாக விடச் சொல்லி ரயில்வேக்கு எழுதுங்கள்.